கப்பி சிறுத்தால் திறன் பெருகுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

இன்றைய உலகம் வேக உலகம். நடந்து போனவன் மிதிவண்டி வாங்கினான். மிதிவண்டியில் போனவன் மோட்டார் சைக்கிளில் ஏறினான். அவன் இன்று காருக்கு ஆசைப்படுகிறான். கார் வைத்திருப்பவனோ, இது இன்னும் கொஞ்சம் சீறிப் பாயாதா, இன்னும் கொஞ்சம் குறைவாக எண்ணெய் குடிக்காதா என்று ஏங்குகிறான். அந்த ஏக்கத்தை நம்பிக் கடைகளில் தொங்கும் பொருள்கள் எத்தனையோ. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. அதன் பெயர் 'அண்டர்டிரைவ் புல்லி'. நம் பாடநூல் தமிழில் சொன்னால், துணைக் கருவிகளை மெதுவாகச் சுழலச் செய்யும் கப்பி.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். எங்களிடம் சொந்தக் கார் என்று எதுவும் இல்லை. வாடகைக்கு ஓடும் கார் ஒன்று உண்டு. அம்மாவின் நகையை அடகு வைத்தும், மீதிக்குக் கடன் வாங்கியும் என் அண்ணன் எடுத்த பழைய டீசல் வண்டி அது. அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். நான் ஏற முடிந்ததும் அந்த வண்டி ஓடுவதால்தான்.

சென்ற ஆடி மாதம் ஒரு நாள் இரவு அண்ணன் கேட்டார்: "டேய் தம்பி, டவுன்ல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில புதுசா ஒரு புல்லி செட்டு காட்டினாங்க. அலுமினியம். மாட்டினா பவரும் ஏறுமாம், மைலேஜும் கூடுமாம். 9,500 ரூபாய் சொல்றாங்க. நீ பிசிக்ஸ்தானே படிக்கிறே, பாத்துச் சொல்லு."

அண்ணன் என் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கையிலிருந்த அந்த 9,500 ரூபாயோ முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புது டயர் வாங்க அவர் எடுத்து வைத்திருந்த பணம். டயர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. "மைலேஜ் கூடினா நாலஞ்சு மாசத்துல அந்தப் பணத்துலயே டயர் வாங்கிடலாம்" என்றார். ஆகவே என் பதில் வெறும் பதிலாக இருக்க முடியாது என்பது எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

பெல்ட் செய்யும் வேலை

காரின் முன்மூடியைத் திறந்தால் எஞ்சினின் ஒரு பக்கத்தில் கறுப்பு நிறப் பெல்ட் ஒன்று பல கப்பிகளைச் சுற்றி ஓடுவதைக் காணலாம். எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது கிராங்க் தண்டின் முனையில் மாட்டிய பெரிய கப்பி. இதுதான் மற்றவற்றை இழுக்கிறது. மேலே இருப்பவை மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், தண்ணீரை ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓட்டும் வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப், குளிர்சாதனத்தின் கம்ப்ரசர் ஆகியவை. மெக்கானிக்குகள் ஆல்டர்னேட்டரை இன்றும் டைனமோ என்றே அழைக்கிறார்கள். எல்லா வண்டியிலும் இவை நான்கும் வெளிப் பெல்ட்டில் இருப்பதில்லை. சிலவற்றில் வாட்டர் பம்ப் உள்ளே டைமிங் பெல்ட்டில் இருக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டீயரிங்கை மின்மோட்டாரே திருப்பிவிடுவதால் அங்கே பம்ப் கிடையாது. அண்ணனின் வண்டியில் நான்கும் வெளியேதான் இருக்கின்றன.

கிணற்றுக் கப்பியிலிருந்து தையல் இயந்திரம் வரை நாம் அறிந்த விதி ஒன்று உண்டு. பெரிய சக்கரம் சிறிய சக்கரத்தை இழுத்தால் சிறியது வேகமாகச் சுற்றும். கிராங்க் கப்பியின் விட்டம் 14 சென்டிமீட்டர், டைனமோ கப்பியின் விட்டம் 5.6 சென்டிமீட்டர் என்று கொள்வோம். கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் டைனமோ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். கிராங்க் கப்பியின் விட்டத்தை 11.2 சென்டிமீட்டராகக் குறைத்தால் டைனமோ இரண்டு சுற்றுத்தான் சுற்றும். மேலே உள்ள எல்லாக் கருவிகளின் வேகமும் இப்படியே நூற்றுக்கு இருபது குறைந்துவிடும். கருவிகள் மெதுவாகச் சுற்றினால் அவை உண்ணும் திறன் குறையும், மிஞ்சும் திறன் சக்கரத்துக்குப் போகும் என்பதுதான் கடைக்காரரின் வாதம். வாதத்தில் பொய் இல்லை. எவ்வளவு மிஞ்சும் என்பதில்தான் கதை இருக்கிறது.

நான் போட்ட கணக்கு

அன்றிரவே நோட்டை எடுத்தேன். விசிறியோ பம்ப்போ ஒரு திரவத்தைத் தள்ளும்போது அதைச் சுழற்றத் தேவையான முறுக்கு விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். திறன் என்பது முறுக்கு விசையைக் கோண வேகத்தால் பெருக்கியது. ஆகவே திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். வேகம் 0.8 மடங்கானால் திறன் 0.8 x 0.8 x 0.8, அதாவது 0.512 மடங்காகும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் திறனில் பாதி மிச்சம்! எனக்கே வியப்பாக இருந்தது.

அடுத்து வண்டியின் தேவை. புத்தகங்களைப் பார்த்தும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் கேட்டும் தோராயமாகச் சில அளவுகளை எடுத்துக்கொண்டேன். சமதரையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, காற்றையும் சக்கர உராய்வையும் வெல்ல 8,000 வாட். கம்ப்ரசருக்கு 2,700, டைனமோவுக்கு 900, ஸ்டீயரிங் பம்ப்புக்கு 300, வாட்டர் பம்ப்புக்கு 100 வாட். துணைக் கருவிகள் மட்டும் 4,000, மொத்தம் 12,000. நாலாயிரத்தில் பாதி மிச்சமென்றால் 2,000 வாட். பன்னிரண்டில் இரண்டு, அதாவது ஆறில் ஒரு பங்கு.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 125 லிட்டர் டீசல் ஆகும். அதில் ஆறில் ஒன்று ஏறத்தாழ 21 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால் மாதம் 1,900 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஐந்தே மாதத்தில் புல்லி தன் விலையைத் தானே கொடுத்துவிடும்!

காலையில் அண்ணனிடம் சொன்னேன். "வாங்கிடுங்கண்ணே" என்றேன். அவர் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கணக்கு அவருக்குப் புரிந்திராது. ஆனாலும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவிடம், "தம்பி கணக்கே போட்டுட்டான்பா" என்றார். அன்றே கடைக்குப் போய் ஆயிரம் ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

ஆய்வகத்தில் கிடைத்த பாடம்

மறுநாள் அந்த நோட்டைப் பெருமையோடு எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். படித்து முடித்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, டைனமோ என்ன விசிறியா?"

எனக்கு விளங்கவில்லை. ஐயா அலமாரியிலிருந்து கையால் சுழற்றும் சிறு டைனமோவை எடுத்துத் தந்தார். விளக்கை இணைக்காமல் சுழற்றச் சொன்னார்; சுண்டுவிரலால் சுழற்ற முடிந்தது. விளக்கை இணைத்தார், கை கனத்தது. இரண்டாவது விளக்கையும் பக்க இணைப்பில் சேர்த்தார். தோள் வரை தெரிந்தது. "உன் கையை இழுப்பது எது? வேகமா, விளக்கா?" என்றார். அந்த நொடியில் என் கணக்கு எங்கே உடைந்தது என்று தெரிந்துவிட்டது. மும்மடி விதி பம்ப்புக்கு உரியது. அதை நான் பெல்ட்டில் தொங்கிய எல்லாவற்றின் மேலும் போர்த்திவிட்டேன். சமன்பாடு சரி, சமன்பாட்டைப் போட்ட இடம் தவறு.

திருத்திய கணக்கு

வாட்டர் பம்ப்புக்கு மும்மடி விதி பொருந்தும். 100 வாட்டில் 49 வாட் மிச்சம்.

ஸ்டீயரிங் பம்ப் வேறு வகை. ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு எண்ணெய் என்று அளந்து தள்ளுவது அது. நேராக ஓடும்போது தேவைக்கு மிஞ்சிய எண்ணெய் ஒரு வால்வு வழியே திரும்பிவிடும். இதன் திறன் ஏறத்தாழ வேகத்துக்கு நேர்விகிதம். 300 வாட் 240 ஆகும், மிச்சம் 60.

டைனமோவுக்கு வருவோம். எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதை முகப்பு விளக்கும், பாட்டரியும், உள்விசிறியும்தான் தீர்மானிக்கின்றன. வேகம் குறைந்தால் மின்னழுத்தச் சீராக்கி காந்தச் சுருளுக்குக் கூடுதலாக மின்னோட்டம் அனுப்பி அதே 14 வோல்ட்டை வாங்கிவிடும். வேகம் குறைந்த அளவுக்கு முறுக்கு விசை கூடும். இரண்டின் பெருக்குத்தொகை ஏறக்குறைய அப்படியே இருக்கும். உள்ளே சுழலும் சிறு விசிறியிலும் பேரிங் உராய்விலும் சற்று மிஞ்சலாம். தாராளமாக 40 வாட் என்று வைத்தேன்.

கம்ப்ரசர் கதையும் இப்படித்தான். வெயிலில் நிற்கும் காருக்குள் புகும் வெப்பம் புல்லியைப் பார்த்துக் குறைவதில்லை. கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றினால், முன்பு அவ்வப்போது ஓய்வெடுத்த அதன் கிளட்ச் இப்போது கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். அதே குளிர்ச்சி வேண்டுமானால் ஏறத்தாழ அதே வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். குறைந்த குளிர்ச்சி போதும் என்றால் மிச்சம் உண்டு. அதற்குப் புல்லி எதற்கு? பொத்தானை அணைத்தால் போதுமே!

ஆக மொத்தம் 149. 150 வாட் என்றே கொள்வோம். 12,000 வாட்டில் இது நூற்றுக்கு ஒன்றேகால். மாதம் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். பணமாகச் சுமார் 144 ரூபாய். எஞ்சினின் சொந்த உராய்வையும் கணக்கில் சேர்த்தால் அதுவும் குறையும். 9,500 ரூபாயைத் திருப்பி எடுக்க ஐந்தரை ஆண்டு ஆகும். நான் அண்ணனிடம் சொன்னது ஐந்து மாதம்!

நின்றுகொண்டிருக்கும் வண்டி

செலவு இதோடு முடியவில்லை. வாடகைக் கார் ஓடும் நேரத்துக்கு இணையாக நிற்கும் நேரமும் உண்டு. கல்யாண மண்டப வாசலிலும் ரயில்வே கேட்டிலும் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் முனகிக்கொண்டிருக்கும். டைனமோ 2,000 சுற்றில் ஓடும். டைனமோவின் மின்னோட்டத் திறனோ வேகத்தைச் சார்ந்தது. குறைந்த வேகத்தில் அது தன் முழு அளவில் ஒரு பகுதியைத்தான் தர முடியும். சிறிய புல்லி போட்டால் வேகம் 1,600 சுற்றாக இறங்கும். முகப்பு விளக்கு, குளிர்சாதனம், ரேடியேட்டரின் மின்விசிறி மூன்றும் ஓடும் மாலை வேளையில் டைனமோ கொடுக்க முடியாததைப் பாட்டரிதான் கொடுக்க வேண்டியிருக்கும். தண்ணீர்ச் சுழற்சியும் குறையும். சித்திரை வெயிலில் அதுவும் நல்லதன்று. போதாக்குறைக்கு, சிறிய கப்பியில் பெல்ட் பிடிக்கும் பரப்புக் குறைவதால் வழுக்கவும் இடம் உண்டு.

வண்டியைச் செய்தவர்கள் கப்பியின் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கவில்லை. வண்டி நிற்கும்போதும் விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் கொதிக்கக் கூடாது என்று பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

எடை குறைந்தால்?

அலுமினியப் புல்லி எடை குறைவானது. எஞ்சின் சட்டென்று வேகம் எடுக்கும் என்பார்கள். இதையும் கணக்கிடலாம். பழைய இரும்புக் கப்பி 2 கிலோ, ஆரம் 7 சென்டிமீட்டர். புதியது 800 கிராம், ஆரம் 5.6 சென்டிமீட்டர். இரண்டையும் வட்டத் தட்டுகளாகக் கருதி, அவற்றின் நிலைமத் திருப்புத்திறன்களைக் கண்டு கழித்தால் வித்தியாசம் 0.00365 கி.கி. மீ². சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற முதல் கியரில் எஞ்சின் 13 சுற்றுச் சுற்றுகிறது, சக்கரத்தின் ஆரம் 28 சென்டிமீட்டர் என்று கொண்டால், இது வண்டியிலிருந்து 8 கிலோ எடையை இறக்கியதற்குச் சமம். கடைசிக் கியரில் எஞ்சின் 2.7 சுற்றுத்தான் சுற்றும். அப்போது சுமார் மூன்றில் ஒரு கிலோவுக்குத்தான் சமம். 1,300 கிலோ வண்டியில் இதை ஓட்டுநர் உணர்வாரா? டிக்கியில் கிடக்கும் பழைய சாமான்களை இறக்கி வைத்தால் இதைவிடப் பலன் உண்டு. அதற்குக் காசும் இல்லை.

கறுப்புக் கோடு

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று உண்டு. மெக்கானிக் அண்ணாச்சியின் பட்டறையில், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த கிராங்க் கப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரே இரும்பு என்று நான் நினைத்திருந்த அதில், நடுவட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் இடையே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று சுற்றி ஓடியது. நகத்தால் அழுத்தினேன், ரப்பர்!

சிலிண்டரில் டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் கிராங்க் தண்டின் மேல் ஓர் அடி விழுகிறது. எஃகுத் தண்டானாலும் அந்த அடியில் அது மயிரிழை முறுக்கிக்கொண்டு மீண்டும் விரியும். ஊஞ்சலைத் தக்க நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் வீச்சு பெருகுவதுபோல, அடி விழும் அதிர்வெண் தண்டின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் அந்த முறுக்கு அதிர்வு பெருகும். நாளடைவில் தண்டே விரிசல் விடலாம். வெளிவட்ட இரும்பும் இடையிலுள்ள ரப்பரும் சேர்ந்து இந்த அதிர்வை உண்டு வெப்பமாக்கிவிடுகின்றன. முறுக்கு அதிர்வைத் தணிக்கும் கருவிகளை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவர் பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர். அவர் பெயராலேயே ஒரு வகைத் தணிப்பான் இன்றும் வழங்குகிறது. அண்ணன் பார்த்து வந்த அலுமினியப் புல்லி ஒரே துண்டாகக் கடைந்தது. அதில் ரப்பர் இல்லை. கப்பி என்று எண்ணி நாம் கழற்றி எறிய இருந்தது எஞ்சினின் காவலாளியை! எல்லா எஞ்சினிலும் கிராங்க் கப்பி இந்த வேலையைச் செய்வதில்லை. ஆனால் செய்யும் எஞ்சினில், அதிலும் அடி பலமாக விழும் டீசல் எஞ்சினில், அதை நீக்குவது ஆபத்தான விளையாட்டு.

பிறகு யாருக்குத்தான் இது?

பந்தயக்காரர்களுக்கு. இது பெரிதும் புழங்கும் இடம் அமெரிக்கா. அங்கே கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, நின்ற இடத்திலிருந்து யார் முதலில் கடப்பது என்று நடக்கும் பந்தயத்துக்கு 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கமே தொடங்கப்பட்டது. அந்தப் பந்தய வண்டியின் எஞ்சின் 6,000 சுற்றுக்கு மேலும் ஓடும். மும்மடி விதியை இங்கே போட்டுப் பாருங்கள். 2,000 சுற்றில் 100 வாட் உண்ட பம்ப், மூன்று மடங்கு வேகத்தில் 27 மடங்காக 2,700 வாட் உண்ணும். புல்லியைச் சிறிதாக்கினால் 1,300 வாட்டுக்கு மேல், அதாவது ஒன்றே முக்கால் குதிரைத்திறன், அந்த ஒன்றிலேயே மிச்சம். பெரிய பம்ப்பும் பெல்ட்டால் சுழலும் விசிறியும் கொண்ட பழைய எஞ்சின்களில் இன்னும் கூடுதல். ஃபோர்டு மஸ்டாங்கின் 5 லிட்டர் எஞ்சின் 1987இல் 225 குதிரைத்திறன் தந்தது. அந்த வண்டிக்காரர்களிடையே இவ்வகைப் புல்லிகள் பெயர் பெற்றிருந்தன. சில நொடிகளில் முடியும் ஓட்டத்தில் பாட்டரி இறங்குவதைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? வினாடியில் பத்தில் ஒரு பங்கு அங்கே வெற்றி தோல்வி. அவர்களுக்கு இது தக்க பொருளே. அவர்களும் ரப்பர்த் தணிப்பானை நீக்காமல், மேலே உள்ள கப்பிகளைப் பெரிதாக்கிக்கொள்வது அறிவுடைமை.

உண்மையில் குறை எங்கே இருக்கிறது? எஞ்சின் வேகமும் பம்ப்பின் வேகமும் ஒரே விகிதத்தில் கட்டுண்டு கிடப்பதில். அந்தக் கட்டை அவிழ்க்கும் வேலையைப் பொறியாளர்களே தொடங்கிவிட்டார்கள். 2004இல் வந்த பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் என்52 எஞ்சினில் வாட்டர் பம்ப்பை மின்மோட்டார் தேவைக்கேற்பச் சுழற்றியது. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் துணைக் கருவிகளுக்கான பெல்ட்டே கிடையாது. சிறிய புல்லி தேடிய விடையை இவை முழுமையாகத் தந்துவிட்டன.

தேறிய பாடம்

மூன்றாம் நாள் இரவு வண்டி நிறுத்தும் இடத்துக்கே போய் அண்ணனிடம் சொன்னேன்: "அண்ணே, நான் போட்ட கணக்கு தப்பு. வாங்க வேண்டாம்." காரணங்களையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டதெல்லாம், "இப்பச் சொல்றது சரியாடா?" என்பதுதான். "இதை ஐயாவும் பாத்துட்டார்ணே" என்றேன். முன்பணம் திரும்பவில்லை, கடையில் அதற்குப் பதில் பெல்ட்டும் எண்ணெய் வடிகட்டியும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பழைய பெல்ட்டும் விரிசல் விட்டுத்தான் இருந்தது.

மீதி 8,500 ரூபாயோடு கொஞ்சம் சேர்த்து டயர்கள் வாங்கினோம். அப்போது இன்னொரு கணக்கும் போட்டேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் தேவைப்படும் 8,000 வாட்டில் சுமார் 3,200 வாட் சக்கர உராய்வுக்கே போகிறது. காற்றுக் குறைந்து அது நூற்றுக்குப் பத்துக் கூடினாலே 320 வாட் வீண். புல்லி மிச்சப்படுத்துவதைப் போல இரண்டு மடங்கு! இப்போது அண்ணன் வாரம் தவறாமல் டயரில் காற்றுப் பார்க்கிறார்.

மாணவ நண்பர்களே, ஒருவர் சொல்வதை அப்படியே நம்பாமல் மெய்ப்பொருள் காண வேண்டும் என்று வள்ளுவர் நமக்குச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் சொல்லுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று நினைத்திருந்தேன். நம் நோட்டில் நாமே எழுதிய சமன்பாட்டுக்கும் அது பொருந்தும் என்பது இப்போதுதான் தெரிகிறது. நம்மில் பலர் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளிலிருந்து வருகிறோம். அங்கே நாம் சொல்வதைச் சரிபார்க்க ஆள் இல்லை. படித்த பிள்ளை சொன்னால் காசை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே ஒரு விதியைப் போடும் முன், இது இங்கே பொருந்துமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

ஐயா எழுதச் சொன்னதால் எழுதினேன். அந்த நோட்டின் முதல் கணக்கை நான் இன்னும் கிழிக்கவில்லை.